கெல்லி துரையின் கல்வீடு



நம் பாட்டிமார் பேச்சில் வீடு இரண்டே வகைதான். ஒன்று கூரைவீடு, மற்றொன்று கல்வீடு. கல்வீடு என்றதும் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய வீடு என்று இக்காலப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த நம் முன்னோருக்குச் செங்கல்லும் கல்தான். மண்ணைப் பிசைந்து, அச்சில் அறுத்து, சூளையில் சுட்டுக் கல்லாக்கியதால் அதற்குச் செங்கல் என்று பெயர். செங்கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிட்டால் அது கல்வீடு. 'அவனுக்கென்ன, கல்வீட்டுக்காரன்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அதற்குமேல் அவருடைய செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பொருளில் பேராக் மாநிலத்தில் மிகவும் பேர்போன கல்வீடு ஒன்றைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். புந்தோங்கிலிருந்து புறப்பட்டு மெங்லெம்பு, லஹாட் வழியாகப் பத்து காஜாவை அடைந்து, அங்கிருந்து கோப்பெங் போகும் சாலையில் திரும்பினால், ராயா ஆற்றுக்கு அப்பால் ஒரு மேட்டின்மேல் அது நிற்கிறது. பத்து காஜா என்ற மலாய்ப் பெயருக்கே யானைக்கல் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அந்த வீட்டைக் கெல்லியின் கோட்டை என்கிறார்கள். உண்மையில் அது கோட்டையன்று. அங்கே சேனை இருந்ததுமில்லை, போர் நடந்ததுமில்லை. ஒரு ரப்பர்த் தோட்ட முதலாளி தம் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கிய வீடு அது. கட்டி முடிக்கப்படாத வீடு.

நம் பிள்ளைகளில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய் வந்திருப்பார்கள். போய் வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேய்க்கதைதான் முதலில் வருகிறது. அடுத்தபடி, 1999 ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்னாவும் அரசரும்' என்ற ஆங்கிலப் படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்ட செய்தி வருகிறது. அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. கட்டியவர்கள் நம்மவர்கள். ஆகவே பேயை ஒருபுறம் விட்டுவிட்டு, சுவரைப் பார்ப்போம்.

முதலில் வீட்டுக்காரரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கெல்லாஸ் என்பது அவர் பிறந்த சிற்றூரின் பெயர். 20 வயதில், 1890 இல், மலாயாவுக்கு வந்தார். சார்லஸ் ஆல்மா பேக்கர் என்ற நில அளவையாளரிடம் சேர்ந்தார். அந்நாளில் பேராக்கில் காடழிக்கும் ஒப்பந்தங்கள் பெரும் பணம் தந்தன. அந்த வருவாயைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்குத் தம் ஊர்ப் பெயரையே சேர்த்துக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் வைத்தார். ஊரை விட்டு வந்தவன் ஊர்ப்பெயரை விடமாட்டான் என்பது துரைக்கும் பொருந்துகிறது, நமக்கும் பொருந்துகிறது. ஈய வேலையிலும் அவர் இறங்கினார். 1910 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ரப்பர் விலை எவரும் நினையாத உயரத்துக்கு ஏறியது. பால்மரம் பொன்மரமானது. அந்த வாக்கில் அவர் முதல் பங்களாவைக் கட்டினார். அதன் பெயர் கெல்லாஸ் இல்லம். 1915 இல் அவருக்கு மகன் பிறந்தான். அதே ஆண்டில், பழைய இல்லத்தையொட்டிப் பன்மடங்கு பெரிய வீட்டைத் தொடங்கினார்.

ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம், அதற்குள் ஏறி இறங்க மின்தூக்கி, விருந்து நடத்த மொட்டைமாடி முற்றம், உள்ளேயே பந்தாட ஓர் இடம், நிலத்துக்கு அடியில் மதுப்புட்டிகளை வைக்கும் அறை. இவ்வளவும் திட்டத்தில் இருந்தன. மின்தூக்கி வந்திருந்தால் மலாயாவிலேயே அதுதான் முதலாவதாக இருந்திருக்கும் என்று சொல்வார்கள். அது வரவேயில்லை. அதற்காகக் கட்டிய கூடு மட்டும் இன்றும் வெறுமையாக நிற்கிறது.

இந்த வேலைக்காக ஸ்மித் சென்னை மாகாணத்திலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது அந்த வீட்டின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. செங்கல்லும் சலவைக்கல்லுங்கூட இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தன என்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஈப்போவைச் சுற்றி எங்கே திரும்பினாலும் சுண்ணாம்புக்கல் மலை. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடியோடு நாம் நடந்து போகும் முருகன் கோயிலுக்கே கல்லுமலை என்றுதான் பெயர். இவ்வளவு கல் கிடக்கும் ஊருக்குக் கடல் கடந்து ஏன் ஆளையும் கல்லையும் கொண்டுவர வேண்டும்?

விடை, அந்த 70 பேரின் கையில் இருந்த தொழிலில் இருக்கிறது.

சென்னைக் கொத்தனார்களுக்கு அக்காலத்தில் பெரும்பெயர் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1892 இல் திறக்கப்பட்டது. எழும்பூர் ரயில் நிலையம் 1908 இல் திறக்கப்பட்டது. இவை செங்கல்லால் எழுந்த பெருங்கட்டடங்கள். மொகலாயர் மாளிகைகளின் குவிமாடமும், வளைவும், மாடமும் ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்து உருவான ஒரு பாணி அப்போது சென்னையில் ஓங்கி இருந்தது. அதே பாணிதான் கடல் தாண்டி வந்து, 1897 இல் கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமது கட்டடமாகவும், 1910 இல் அந்நகரின் ரயில் நிலையமாகவும் நின்றது. கெல்லி ஸ்மித்தின் வீட்டில் ஸ்காட்லாந்தும், மூர் என்னும் வடஆப்பிரிக்க முஸ்லிம் மக்களின் பாணியும், தமிழகமும் கலந்திருப்பதாக வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கேட்பதற்கு ஏதோ துரையின் கற்பனை போலத் தோன்றும். ஆனால் குதிரை லாடம் போன்ற வளைவும், கூர்நுனி வளைவும் சென்னையில் அந்தத் தலைமுறைக் கொத்தனார்கள் கட்டிப் பழகியவை. படத்தில் இருந்ததைச் சுவரில் கொண்டுவரத் தெரிந்த கை அவர்களுடையது.

வளைவு என்பது எளிய வேலையன்று. செங்கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது, பிளந்துவிடும். ஆகவே வாசலுக்கு மேலே செங்கல்லை நேராக அடுக்கிவிட முடியாது. கொத்தனார் என்ன செய்வார்? முதலில் மரத்தால் ஒரு வளைசட்டம் செய்து கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துவார். அதன்மேல் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கல்லாகச் சாய்த்து ஏற்றிக்கொண்டு வருவார். கடைசியில் உச்சியில் ஒரு கல்லை இறுக்கி வைப்பார். சாந்து இறுகியபின் கீழே இருந்த சட்டத்தை உருவிவிடுவார்கள். அந்த நொடியில்தான் வேலை தெரியும். சரியாக வைத்திருந்தால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கி, மேலே உள்ள பாரத்தை இரு புறத்துத் தூண்களுக்கும் அனுப்பிவிடும். ஒரு கல் பிசகினால் எல்லாம் தலையில் விழும். அந்த வீட்டின் நீண்ட நடைகளில் வளைவுக்குப் பின் வளைவாக வரிசை பிடித்து நிற்பதைப் பாருங்கள். நூறு ஆண்டு மழையிலும், காடு மூடிக் கிடந்த காலத்திலும் விழாமல் நின்றவை அவை. ரசமட்டமும், தூக்குக்குண்டும், ஒரு முழக் கயிறுந்தான் கருவிகள்.

சுவர் வேலையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வரியில் கல்லை நீளவாட்டில் வைத்தால், அடுத்த வரியில் குறுக்குவாட்டில் வைப்பார்கள். மூட்டுக்கு மேல் மூட்டு விழக்கூடாது. விழுந்தால் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடும். அங்கே போகிறவர்கள் மேல்பூச்சு இல்லாத இடத்தில் நின்று இந்த வரிகளை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் ஆயிற்று, வரலாற்றுப் பாடமும் ஆயிற்று.

இனி, சுண்ணாம்பு. வெற்றிலை போடும் வீடுகளில் அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது கல்லிலிருந்து பிறந்து மீண்டும் கல்லாகும் பொருள் என்பது பலருக்கும் தெரியாது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுடுகிறார்கள். அப்போது கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமிலவாயு வெளியேறிவிடும். சுட்ட கல்லில் நீரைத் தெளித்தால் கொதித்துப் பொரிந்து பொடியாகும். இதை நீற்றுதல் என்பார்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்தால் சாந்து. சாந்து சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. அடுப்பில் இழந்ததைத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிறது. இது ஒரு நாளில் நடப்பதன்று. கனத்த சுவரானால் உட்புறம் இறுக ஆண்டுக்கணக்காகும். பழைய சுண்ணாம்புச் சுவர் நாளாக நாளாக வலுக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். வட்டமான பள்ளத்தில் சாந்தைக் கொட்டி, மாடு கட்டிக் கல் உருளையால் நாட்கணக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். மேல்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவையும் கலப்பதுண்டு. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் முகம் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அந்தப் பளபளப்பைக் காணலாம். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதைச் சலவைக்கல் என்றே ஏமாந்ததுண்டு. இந்த அறிவை ஏட்டில் படித்து வந்துவிட முடியாது. சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்து, பிறகு கரண்டி பிடித்து, பத்து ஆண்டுக்குப் பிறகுதான் ஒருவரைக் கொத்தனார் என்று அழைப்பார்கள். மலையில் கல் கிடப்பது வேறு, கல்லைச் சுவராக்கத் தெரிவது வேறு. துரை கப்பல் செலவு செய்து ஆள் தருவித்ததன் காரணம் இப்போது விளங்கும்.

அந்நாளில் தோட்டத்து லயங்கள் எப்படி இருந்தன என்று நாம் சொல்லித் தெரிய வேண்டிய நேயர்கள் அல்லர் நீங்கள். பலகைச் சுவர், அத்தாப்பு அல்லது தகரக் கூரை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் குழந்தை இருமினால் இந்த அறையில் விழிப்பு வரும். கல்வீடு கட்டும் அறிவும் ஒரே இனத்தாரிடம் இருந்தது, கல்வீட்டில் குடியிருக்கும் வாய்ப்பு இல்லாமையும் அதே இனத்தாரிடம் இருந்தது. கூலி கொடுப்பவர் எதைக் கட்டச் சொன்னாரோ அதுதான் எழுந்தது.

வேலை நடந்துகொண்டிருந்த காலம் முதல் உலகப்போர்க் காலம். போர் முடியும் வேளையில், 1918 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. ஸ்பானியக் காய்ச்சல் என்று ஏடுகள் அதைக் குறிக்கும். தோட்டப் பாட்டாளிகளிடையே அது பெருஞ்சேதம் செய்தது. நெருக்கமான லயத்தில் ஒருவருக்கு வந்தால் வரிசை முழுவதும் படுத்தது. கெல்லாஸ் வேலைத்தளத்திலும் ஆட்கள் இறந்தார்கள். அப்போது தொழிலாளர்கள் துரையிடம் போய், அம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் இசைந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாளிகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது.

அக்கோயிலின் கூரையில், தெய்வ வடிவங்களுக்கு நடுவே, தொப்பியும் சட்டையுமாக ஒரு வெள்ளைக்கார உருவம் நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம். பார்க்க வருகிறவர்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டு, தமிழர்கள் துரையைச் சாமியாக்கிவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. கோயிலுக்குக் கொடுத்தவரின் உருவத்தைக் கோயிலிலேயே வைப்பது நம் பழைய வழக்கம். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரின் சிலை இருக்கிறது. திருமலையில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடு செம்பு உருவமாகக் கைகூப்பி நிற்கிறார். அவர்களுக்கு யாரும் பூசை செய்வதில்லை. கொடுத்தவர் யார் என்று கோயில் தானே எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு அது. அந்த வழக்கம் அறிந்த கைகள் கிந்தாவிலும் அதையே செய்தன. நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கொண்டு தோட்ட வாழ்வு இனிமையாக இருந்தது என்று யாராவது வாதிட்டால் அது வேறு கதை.

மாளிகை முடியவில்லை. போருக்குப் பின் 1920 வாக்கில் ரப்பர் விலை சரிந்தது. 1922 இல் பிரிட்டிஷ் அரசு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. 1926 இல் ஐரோப்பாவுக்குப் போன ஸ்மித், போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. மின்தூக்கி வாங்கத்தான் போனார் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய மனைவி ஆக்னஸ் அதன்பின் மலாயாவில் இருக்க விரும்பவில்லை. தோட்டம் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்கப்பட்டது. முடியாத மாளிகையைக் காடு மூடியது. பழைய கெல்லாஸ் இல்லமும் சிதைந்தது. இன்று அதில் மிஞ்சியவை சில தூண்களும் வளைவுகளும் சுவர்த்துண்டுகளுமே. வெகுகாலம் கழித்துத்தான் காட்டை வெட்டி, படிகளைச் செப்பனிட்டு, நுழைவுச்சீட்டு வைத்து மாளிகையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மாளிகையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்ற பேச்சும் இருக்கிறது. துரைக்குச் சுரங்கத்தின் வழியே அம்மனைப் பார்க்கப் போக வேண்டிய தேவை என்ன என்று நமக்கு விளங்கவில்லை. கதை கேட்கச் சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, அந்தத் தோட்டத்தில் மூன்று கட்டடங்கள். முதலாவது இடிந்தது. இரண்டாவது முடியவேயில்லை. மூன்றாவது மட்டும் முடிந்தது, இன்றும் அங்கே விளக்கு எரிகிறது. மூன்றிலும் கட்டியவர்கள் கேட்டுப் பெற்ற கட்டடம் அது ஒன்றுதான். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்னும் அந்தச் சுற்றுப்புறத்தில் வாழ்கிறார்கள். தோட்டம் கைமாறினால் லயம் போகும், பள்ளி போகும், கோயிலுக்கும் ஆபத்து வரும் என்பதைத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலிருந்து நாம் பார்த்துக்கொண்டே வருகிறோம். அப்படி வெளியேறி வந்தவர்களின் பிள்ளைகள் புந்தோங்கிலும் நிறைய இருக்கிறார்கள். இந்த நிலையில் ஒரு தோட்டக் கோயில் நூறாண்டு கடந்து நிற்பது சிறிய செய்தியன்று.

துரையின் பெயர் மாளிகையில் இருக்கிறது. உருவம் கோயிலில் இருக்கிறது. மனைவி மக்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த 70 பேர்? ஒருவர் பெயரும் எழுதி வைக்கப்படவில்லை. எந்த ஊரார், எந்தக் கப்பலில் ஏறினார்கள், காய்ச்சலில் போனவர் எத்தனை பேர், திரும்பி ஊருக்குப் போனவர் எத்தனை பேர் என்று சொல்லும் பலகை அங்கே இல்லை. சென்னையிலும் இதே நிலைதான். உயர்நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியின் பெயர் நிலைத்திருக்கிறது. அவர்கீழ்க் கரண்டி பிடித்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது, செங்கல்லில் கையெழுத்து இல்லை.

பெயர்ப் பட்டியல் எங்காவது பெட்டியில் கிடக்கிறதோ இல்லையோ, பெரியவர்களின் நினைவில் சில இழைகள் இன்னும் இருக்கக்கூடும். 'எங்கள் தாத்தா கொத்து வேலைக்காக வந்தவர், பால்வெட்ட வந்தவரல்லர்' என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில் பழைய ரசமட்டமோ, மணியாசுக்கட்டையோ பரணில் கிடந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கள் வகுப்பில் நாங்கள் ஒரு சிறு வேலை கொடுப்பதுண்டு. ஒரு தாளில் நான்கு கோடு போட்டு, பாட்டனார் பெயர், அவர் பிறந்த ஊர், கப்பலேறிய ஆண்டு, கையில் இருந்த தொழில் என்று எழுதி வரச் சொல்வோம். முதல் மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். நான்காவது கோட்டில் 'தோட்ட வேலை' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திருப்பி அனுப்பி, தோட்டத்துக்கு வருமுன் ஊரில் என்ன செய்தார் என்று கேட்டு வரச் சொல்வோம். அடுத்த வாரம் வரும் விடைகள் வேறாக இருக்கும். தச்சர், குயவர், நெசவாளர், சுண்ணாம்பு சுடுபவர், கொத்தனார்.